நேற்று 154, இன்று 212!

எங்கள் வீட்டில் சில வருடங்கள் ஒரு கோர்ட் நடந்தது. தினமும் காலை பத்து மணிக்குக் கூடும். நீதிபதி, அம்மா. குற்றவாளிக் கூண்டில் அப்பா. அரசுத் தரப்பு சாட்சி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு குளுக்கோமீட்டர்.

"நேத்து நாலு இட்லி, 154. இன்னிக்கும் அதே நாலு இட்லி. 212. நடுவுல என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலையே."

"பொய் சொல்லாதீங்க. மெஷின் பொய் சொல்லுமா?"

மெஷின் பொய் சொல்லாது என்றுதான் நானும் நம்பினேன். பி.காம். படித்தவன். எண்ணை நம்பாமல் வேறு எதை நம்புவது? அப்பாவின் சட்டைப் பையில் கடலை மிட்டாய் காகிதம் இருக்கிறதா என்று நானே தேடிப் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சில மாதங்களில் ஓர் அதிசயம் நடந்தது. அப்பா சுகர் எழுதிவைக்கும் நோட்டில் எண்கள் எல்லாம் சமர்த்தாகிவிட்டன. 148, 152, 150, 146, 151. அம்மாவுக்கு ஏக சந்தோஷம். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 9.1 என்று வந்தது. டாக்டர் நோட்டைப் புரட்டினார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"சார், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே?"

வீடு திரும்பும் வழியில் அப்பா மெதுவாகச் சொன்னார். "212ன்னு எழுதினா திருடன்ங்கறீங்க. அதான் எழுதலை."

அப்பாவுக்கு இருந்தது டைப் 2 டயாபடீஸ். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். இதில் எத்தனை வீடுகளில் இதே கோர்ட் நடக்கிறதோ! ஆகவே இந்த வாரம் அந்த வழக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஒரே சாப்பாட்டுக்கு ஒரே அளவு சுகர்தான் ஏறவேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி மனிதர்கள் இருநூற்றைம்பது வருடங்கள் அலைந்திருக்கிறார்கள்.

*

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். மேத்யூ டாப்ஸன் என்ற மருத்துவர். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீர் இனிக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். நம் நாட்டு ஆயுர்வேதக்காரர்கள் 'மதுமேகம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். டாப்ஸன் அந்தச் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தார். அடியில் சர்க்கரை தங்கியது. அதோடு விடவில்லை. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிந்த நீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். அதுவும் இனித்தது. 1776-ல் இதை எழுதி வெளியிட்டார். விவகாரம் சிறுநீரில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது என்பதற்கு முதல் தடயம்.

சரி, ரத்தத்துக்குச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? எல்லோரும் சொன்ன பதில்: வேறு எங்கிருந்து, சாப்பாட்டிலிருந்துதான். சர்க்கரையைத் தாவரங்கள் மட்டுமே தயாரிக்கும். மிருகங்களும் மனிதர்களும் அதைச் சாப்பிட்டுச் செலவழிப்பார்கள். அன்றைய ஐரோப்பிய விஞ்ஞானம் இப்படித்தான் நம்பியது. எங்கள் அம்மாவின் வாதமும் அதுவேதான்.

இந்த வாதத்தை உடைத்தவர் பிரான்ஸ் நாட்டு க்ளாட் பெர்னார்ட். 1848-ல் பாரிஸில் அவர் செய்த பரிசோதனை எளிமையானது. ஒரு நாய்க்கு வெறும் மாமிசமாகப் போட்டார். மாவுச்சத்து கிடையாது, சர்க்கரை கிடையாது. பிறகு அதன் கல்லீரலிலிருந்து வெளியே வரும் ரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை இருந்தது. சாப்பிடாத சர்க்கரை!

கல்லீரலே சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது என்றார் பெர்னார்ட். 1857-ல், கல்லீரல் அதைச் சேமித்துவைக்கும் வடிவத்தையும் பிரித்தெடுத்துக் காட்டினார். அதுதான் கிளைகோஜன்.

நம் வழக்கின் முதல் திருப்பம் இதுதான். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை முழுக்க இட்லி போட்டது அல்ல. உள்ளேயே ஓர் ஆள் உட்கார்ந்து ராத்திரி பகலாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்கள் தூங்கும்போதும் மூளை பட்டினி கிடக்கக்கூடாது அல்லவா, அதற்காக. சாப்பிட்டவுடன் இன்சுலின் வந்து, "சாப்பாடு வந்தாச்சு, நீ நிறுத்து" என்று கல்லீரலுக்குச் சொல்லும். நிறுத்திக்கொள்ளும். டைப் 2-வில் அந்த உத்தரவு கல்லீரலின் காதில் சரியாக விழுவதில்லை. இட்லிச் சர்க்கரை ஒரு பக்கம் வந்துகொண்டிருக்க, கல்லீரலும் தன் பங்குக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு போடும் என்பது நாளுக்கு நாள் மாறும். விடியற்காலையில் ஹார்மோன்களின் தூண்டுதலால் கொஞ்சம் கூடுதலாகவே போடும். சிலருக்கு வெறும் வயிற்றிலேயே சுகர் ஏறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். சுகர் 100 என்றால், ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம். அப்படியானால் மொத்த ரத்தத்திலும் இருக்கும் சர்க்கரை எவ்வளவு? ஐந்தே கிராம். ஒரு டீஸ்பூன்! நான்கு இட்லியில் உத்தேசமாக ஐம்பது கிராம் மாவுச்சத்து. ஐயாயிரம் ரூபாய் பேலன்ஸ் உள்ள பேங்க் கணக்கில் காலை டிபனுக்கு ஐம்பதாயிரம் வந்து, அதே வேகத்தில் வெளியேயும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கணக்கில் தினமும் ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் பேலன்ஸ் ஒரே தொகையாக இருக்கும் என்று எந்த அக்கவுன்டன்ட்டாவது எதிர்பார்ப்பாரா? ரத்தத்தில் இரண்டே இரண்டு கிராம் கூடுதலாகத் தங்கினால் போதும். மீட்டரில் 40 ஏறிவிடும்.

*

ஆனால் பெர்னார்டின் கண்டுபிடிப்பு நோயாளியின் மேல் இருந்த சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. சொல்லப்போனால், அது இன்னும் வலுத்தது.

நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஃப்ரெடரிக் ஆலன் என்ற மருத்துவர், 1910-களின் நடுவில் பட்டினி வைத்தியம் ஆரம்பித்தார். இன்சுலின் இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம். சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை பட்டினி. மறைந்தபிறகும் எலும்பும் தோலுமாக உயிர்வாழ மட்டும் போதுமான சாப்பாடு. குரூரமாகத் தெரியலாம். ஆனால் நோயாளிகளின் ஆயுளைச் சில மாதங்களாவது, சில வருடங்களாவது நீட்டிக்க அன்று வேறு வழியில்லை.

ஆலனின் நோயாளிகளில் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன். நோயினால் கண் பார்வை போய்விட்டது. காவலில் வைத்ததுபோல அறையில் வைத்திருந்தார்கள். அப்படியும் அவன் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து? யாருக்கும் புரியவில்லை. கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான். டூத்பேஸ்ட்டைத் தின்றிருக்கிறான். ஆசையாக ஒரு கேனரி குருவி வேண்டும் என்று கேட்டு வாங்கி, அதன் கூண்டில் போடும் தானியத்தைத் தின்றிருக்கிறான். அந்தப் பையன் பிறகு பிழைக்கவில்லை. பட்டினியே அவனைக் கொண்டுபோய்விட்டது.

படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது, இல்லையா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. பையன் நிஜமாகவே திருடித் தின்றான். அந்தக் காலத்து மருத்துவம் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்: எண் ஏறினால் நோயாளி ஏமாற்றுகிறான். பையனின் காலம் போனது. பட்டினி வைத்தியம் போனது. 1922-ல் டொரண்டோவில் முதல் இன்சுலின் ஊசியும் போட்டாகிவிட்டது. அந்தப் பாடம் மட்டும் போகவில்லை. நம் வீட்டு டைனிங் டேபிள் வரை வந்து உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும், எண் ஏறுவதற்குச் சாப்பாடே தேவையில்லை என்பதற்கான ஆதாரமும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே அமெரிக்காவில் கிடைத்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்ற பேராசிரியர். பயமும் கோபமும் உடம்பை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தவர். 1913-ல் அந்த சீஸனின் மிகப் பரபரப்பான கடைசிப் போட்டி முடிந்த கையோடு, ஹார்வர்டு ஃபுட்பால் அணியின் 25 பேரிடமும் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். எல்லோரும் கட்டுமஸ்தான இளைஞர்கள். அதில் 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது.

ஓடி விளையாடியதால் இருக்கும் என்கிறீர்களா? அந்த 12 பேரில் ஐந்து பேர் மாற்று ஆட்டக்காரர்கள். களத்தில் இறங்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தவர்கள். அதைவிட வேடிக்கை, ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு ரசிகரையும் சோதித்தார்கள். அவருக்கும் சர்க்கரை! மறுநாள் பார்த்தால் காணோம்.

பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். ஓடவோ சண்டைபோடவோ தயாராக இருக்கட்டும் என்று கல்லீரல் சர்க்கரையை அள்ளி வெளியே கொட்டும். ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இந்தக் கதி என்றால், கணையம் தளர்ந்துபோன அறுபது வயதுக்காரருக்கு? அதுவும், பத்து மணிக்குக் கோர்ட் என்று தெரிந்தே காலை டிபன் சாப்பிடுகிறவருக்கு?

*

1920-களின் தொடக்கத்தில் இன்னொரு புதிர். ஸ்விட்சர்லாந்தின் ஸ்டாவ், ஜெர்மனியின் ட்ராகாட் என்ற இரண்டு பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கவனித்தார்கள். ஒருவருக்குக் குளுக்கோஸ் கொடுத்தார்கள். சுகர் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அதே அளவு குளுக்கோஸை மறுபடி கொடுத்தார்கள். இரண்டாம் முறை அவ்வளவு ஏறவில்லை. முதல் சாப்பாடு, இரண்டாவது சாப்பாட்டுக்கு உடம்பைத் தயார்ப்படுத்தி வைத்துவிடுகிறது.

இதனால் நமக்கு என்ன? 22 டைப் 2 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு, 2015-ல் வெளியானது. ஒரு நாள் காலை உணவு உண்டு. இன்னொரு நாள் கிடையாது. மதியச் சாப்பாடு இரண்டு நாளும் அச்சு அசலாக ஒன்றுதான். காலையில் பட்டினி கிடந்த நாளில், அதே மதியச் சாப்பாட்டுக்குச் சுகர் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக ஏறியது. "காலையில ஒண்ணும் சாப்பிடலை, ஆனாலும் மத்தியானம் ஏறிடுச்சே" என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.

அதே வருடம் நியூயார்க்கில் 11 டைப் 2 நோயாளிகளுக்கு இன்னொரு விதமான சோதனை. சாப்பாடு ஒன்றுதான்: ரொட்டி, ஆரஞ்சு ஜூஸ், சிக்கன், காய்கறி. ஒரு நாள் ரொட்டியும் ஜூஸும் முதலில். இன்னொரு நாள் காய்கறியும் சிக்கனும் முதலில். காய்கறி முந்திய நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சுகர் ஏறக்குறைய 37 சதவீதம் குறைவு. தட்டில் இருந்தது மாறவில்லை. கை எதை முதலில் எடுத்தது என்பது மட்டும்தான் மாறியது. இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது, குடல் என்ன ஹார்மோனை அனுப்புகிறது என்பதெல்லாம் அதற்கேற்ப மாறிவிடுகிறது.

சர்க்கரை வரும் வழி இருக்கட்டும். போகும் வழி?

1936-ல் லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு இன்சுலின் சட்டென்று வேலை செய்தது. சிலருக்கு அசைந்தே கொடுக்கவில்லை. நோய் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு வகை என்றார். 1960 வாக்கில் நியூயார்க்கில் ரோஸலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்தில் இருக்கும் இன்சுலினையே அளக்கும் முறையைக் கண்டுபிடித்தபோது, பெரிய வயதில் சர்க்கரை நோய் வந்த பலருக்கு இன்சுலின் தாராளமாகவே இருந்தது தெரிந்தது. பூட்டும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. பூட்டுதான் துருப்பிடித்திருக்கிறது.

அந்தத் துரு தினமும் ஒரே அளவு இருப்பதில்லை. முந்தின ராத்திரி நாலு மணி நேரம்தான் தூங்கினீர்களா? இன்சுலினின் பேச்சு மறுநாள் எடுபடாது. ஜலதோஷம், காய்ச்சல், பல்வலி? எடுபடாது. மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு போட்டுக்கொண்டீர்களா? சுத்தமாக எடுபடாது. மாறாக, கொஞ்சம் நடந்தால் தசைகள் இன்சுலின் சிபாரிசு இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நியூஸிலாந்தில் 41 டைப் 2 நோயாளிகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு எப்போதாவது அரை மணி நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் சராசரியாக 12 சதவீதம் குறைந்திருந்தது.

அப்பாவின் 154 நாளில் அவர் ரேஷன் கடைக்கு நடந்து போய்வந்தாரா? 212 நாளில் மழை பெய்ததா? நாங்கள் யாரும் கேட்டதில்லை.

*

கடைசியாக, அந்தப் பொய் சொல்லாத மெஷின்.

அதன் கதை தனி சுவாரசியம். 1969. நியூயார்க்கில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற இன்ஜினீயர். பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை நோய், டைப் 1. ரத்தச் சர்க்கரையை ஒரு நிமிடத்தில் அளக்கும் கருவி ஒன்று வந்திருப்பதாக விளம்பரம் பார்த்தார். எடை சுமார் ஒன்றரை கிலோ. விலை 650 டாலர். ஆனால் நோயாளிக்கு விற்கமாட்டார்கள், டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான். நல்லவேளை, அவருடைய மனைவி டாக்டர். மனைவி பெயரில் வாங்கினார்.

தினமும் ஐந்து தடவை, அதற்கு மேலும் குத்திப் பார்த்தார். ஒரே நாளில் 40-க்குக் கீழே விழுந்து 400-க்கு மேல் ஏறியது தெரிந்தது. இன்ஜினீயர் புத்தி. யாரைத் திட்டுவது என்று யோசிக்காமல், எதை மாற்றினால் எது மாறுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதினார். தன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். டாக்டர்கள் காதில் போட்டுக்கொள்ளாததால், நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரே ஆகிவிட்டார். 2025-ல், தொண்ணூறு வயதில் காலமானார். நோயாளி வீட்டிலேயே சுகர் பார்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அவர் ஒரு முன்னோடி.

அவருக்கு மீட்டர் ஒரு துப்பறியும் கருவி. நமக்கு அது போலீஸ்காரன் கை லத்தி. வித்தியாசம் அங்கேதான்.

சரி, அந்த மெஷின் எவ்வளவு துல்லியம்? வீட்டு மீட்டர்களுக்கென்று ஒரு சர்வதேசத் தர விதி இருக்கிறது. 2013-ல் திருத்தப்பட்ட அந்த விதியின்படி, 100-ம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூற்றுக்கு 95 முறை, உண்மையான அளவிலிருந்து 15 சதவீதம் முன்னேயோ பின்னேயோ காட்டினால் அது நல்ல மீட்டர். அதாவது நிஜமான சுகர் 180 என்றால், மீட்டர் 153 காட்டினாலும் சரி, 207 காட்டினாலும் சரி. இரண்டுமே பாஸ்!

154, 212. எங்கள் வீட்டு வழக்கின் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதற்குமேல் மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்துவது, காலாவதியான ஸ்ட்ரிப், முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரமா கை கழுவியதிலிருந்தா என்ற குழப்பம் எல்லாம் தனி.

2025-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயே இல்லாத 30 பேர். ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, அளந்து கொடுத்த சாப்பாடு. அதே ஆளுக்கு அதே சாப்பாட்டைச் சுமார் ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுத்து, தோலில் ஒட்டிய சென்சார் மூலம் கவனித்தார்கள். இரண்டு தடவையும் சுகர் ஒரே மாதிரி ஏறவில்லை. வெவ்வேறு சாப்பாடுகளுக்கு நடுவே தெரியும் வித்தியாசம் அளவுக்கே, ஒரே சாப்பாட்டின் இரண்டு தடவைகளுக்கு நடுவிலும் வித்தியாசம் இருந்தது. திருடித் தின்ன வழியே இல்லாத இடத்தில் இது நடந்தது.

*

அப்படியென்றால் மீட்டரைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாமா? கூடாது. சாப்பாடு முக்கியமே இல்லையா? முக்கியம்தான். நாலு இட்லிக்குப் பதில் எட்டு சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு நாள் கல்லாவைப் பார்த்து எந்த வியாபாரியும் லாபமா நஷ்டமா என்று முடிவு செய்வதில்லை. ஒரே வேளையில், ஒரே மாதிரி, பல நாள் எடுத்த எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏறுமுகமா, இறங்குமுகமா என்பது தெரியும். மூன்று மாத பேலன்ஸ் ஷீட்டாக ஹெச்பிஏ1சி இருக்கவே இருக்கிறது. ஒரு 212-ஐப் பார்த்துவிட்டு நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். ஒரு 110-ஐப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். தொடர்ந்து ஏறினாலோ, 70-க்குக் கீழே இறங்கினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். இறங்கி வியர்த்துக் கொட்டினால், முதலில் சர்க்கரை, பிறகு டாக்டர்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நோட்டில் இரண்டு கட்டம் புதிதாகப் போட்டோம். ஒன்றில் 'தூக்கம்'. இன்னொன்றில் 'நடை'. 212 வந்தால் அம்மா, "ராத்திரி சரியாத் தூங்கலையா?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள். பழக நாளாயிற்று. அப்பா நிஜ எண்களை எழுத ஆரம்பித்தார். 163, 204, 178, 221, 150. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டருக்கு அதில் ஏதோ தெரிந்தது. ராத்திரி மாத்திரையை மாற்றினார். ஆறு மாதத்தில் ஹெச்பிஏ1சி 7.4-க்கு வந்தது.

அப்பா அந்தக் காலத்தில் ஒரு நாள்கூடத் திருட்டுத்தனமாகச் சாப்பிடவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒன்றிரண்டு கடலை மிட்டாய் உள்ளே போயிருக்கலாம். சமீபத்தில் கேட்டேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். அதில் எல்லா எண்களும் 150-ஐ ஒட்டியே சமர்த்தாக இருந்தால், கொஞ்சம் கவலைப்படுங்கள். சுகரைப் பற்றி அல்ல. அந்த மனிதர் யாருக்குப் பயந்து எழுதுகிறார் என்பதைப் பற்றி.